பொட்டு வைத்த எஞ்சின்

1

முத்திரை விழுந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பாதி வழியில் ‘ஐயோ, இந்த ரூபி டீச்சர் குடும்பம் என்ன ஆச்சோ’ என்று பதற வேண்டாம். இன்னும் இரண்டு வருஷம் நாங்கள் மூன்று பேரும் இந்த ஜாம்பியா நாட்டில் இருக்கலாம். மகன் அருள் தன் ஏழாம் வகுப்பு அரசுப் பரீட்சையை இங்கேயே எழுதலாம். முத்திரை விழுமோ விழாதோ என்று பத்து நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவள், நேற்று மத்தியானம் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ரொட்டி வாங்கப் போய்விட்டார்.

எங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேருமே பாளையங்கோட்டைப் பக்கத்து வாத்தியார் குடும்பம். ஆப்பிரிக்க நாடுகள் நம்மூர் ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்த காலத்தில், அருளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது இங்கே வந்தோம். அவர் கணக்கு, நான் இயற்பியல். ஒப்பந்தம் இருவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒருவருக்கு இல்லை என்றால் மற்றவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தத் தடவை புதுப்பிக்கத் தலைநகருக்குப் போனோம். நாங்கள் இங்கே இருக்கிற ஊரிலிருந்து ஐந்து மணி நேர பஸ். பிள்ளையையும் நேரில் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததால் அருளும் வந்தான். வழி நெடுக மரங்கள் ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தன. ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள். ஊரில் இந்நேரம் பொரிகடலை குவித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கிறிஸ்தவச்சிக்கு ஆயுத பூஜை ஞாபகம் ஏன் வரவேண்டும் என்று கேட்பீர்கள். வரும், அதற்குக் காரணம் இருக்கிறது.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி பெரிய உருவம், மெல்லிய குரல். என் தாள்களைப் புரட்டிவிட்டு, “மேடம், இயற்பியலுக்கு இப்போது எங்கள் பிள்ளைகளே படித்து வந்துவிட்டார்கள்” என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான், அதில் பாதிப் பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு வேலை இல்லை என்றால் என் வீட்டுக்காரருக்கும் இல்லை. அருளின் பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. இப்போது ஊருக்குப் போனால் அவனை எந்த வகுப்பில் சேர்ப்பது? தமிழில் தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாத பிள்ளை.

அவர் இன்னும் புரட்டினார். அடியில் கிடந்த சங்கரன்கோவில் அனுபவச் சான்றிதழில் அவர் விரல் நின்றது. ‘இயற்பியலும் மோட்டார் வாகனத் தொழில்நுட்பச் செய்முறையும் கற்பித்தார்.’ கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“மோட்டாரா? நீங்களா?”

எங்கள் பள்ளியிலேயே மோட்டார் வகுப்புக்கு ஒரு வருஷமாக ஆள் இல்லை. ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ‘இப்பாடத்தைக் கற்பிக்க எனக்கு முழுத் தகுதி உண்டு என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டுக்கொண்டு நாளைக்கு வாருங்கள், இரண்டு வருஷம் தருகிறேன் என்றார். எனக்கு வந்த படபடப்பில், நம் ஊரில் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மனிதர் அதை நம்பி, கோப்பைத் திறந்து வைத்தபடி அன்று சாயங்காலம் வரை எனக்காகக் காத்திருந்தாராம். மறுநாள்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் படிவத்தைப் படித்தார். “கையெழுத்தப் போடு ரூபி. ஊர்ல ரெண்டு வருஷம் எடுத்திருக்கேல்லா?”

“எடுத்தேன். ஆனா எனக்கு முழுசாத் தெரியும்னு எப்படிங்க எழுத?”

“இங்கன எவன் வந்து உன்னைப் பரீட்சை வைக்கப்போறான்? பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்.”

அவர் சொன்னது தப்பில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்தால் எனக்கும் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழ் வரியே எட்டு வருஷமாக என்னைக் குத்திக்கொண்டிருக்கிற வரி. அது எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் என் அவஸ்தை புரியும்.

2

நான் சங்கரன்கோவிலில் வேலை பார்த்தபோது, பள்ளிக்கூடங்களில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் புதிதாக வந்திருந்த சமயம். கூடவே தொழிற்பிரிவு என்று ஒன்றும் வந்தது. எங்கள் ஹெட்மாஸ்டர் ஆசைக்காரர். மற்ற பள்ளிகள் தட்டச்சு, தையல் என்று அடக்கமாக வாங்க, இவர் மோட்டார் வாகனப் பராமரிப்பு என்று எழுதி வாங்கிவிட்டார். பாடம் எடுக்க ஒரு லாரிப் பட்டறைக்காரரைப் பகுதிநேரமாகப் போட்டார்கள். இரண்டு மாதம் வந்தார். மூன்றாம் மாதம் மஸ்கட் விசா வந்தது, ஆள் பறந்துவிட்டார்.

ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், இஞ்சின்னா என்ன? சூடு, அழுத்தம், அசைவு. மூணும் உங்க புஸ்தகத்துல இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார். ஆனா எனக்குச் சைக்கிளே மிதிக்கத் தெரியாது.”

“மிதிக்கவா சொல்லுதேன்? சொல்லிக் குடுக்கத்தான சொல்லுதேன்.”

பன்னிரண்டு பையன்கள். விஞ்ஞானப் பிரிவும் வணிகப் பிரிவும் நிரம்பிய பிறகு மிச்சம் விழுந்தவர்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்கள். ஆசிரியர் அறையில் அவர்களுக்கு ‘கிரீஸ் குரூப்’ என்று பெயர். அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்த குரூப்புக்கே நான் டீச்சர்.

எஞ்சினும் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துக் கட்டிய ஜீப்பை ஹெட்மாஸ்டர் நடையாய் நடந்து இலவசமாக வாங்கிவிட்டார். ஓடாத ஜீப். கழுத்துச் சலங்கை குலுங்க ஒரு ஜோடி மாடு அதை இழுத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தது. “ஏலே, இந்த வண்டிக்குப் பெட்ரோல் வேண்டாம்போல, வைக்கோல் போதும்” என்று டீக்கடையிலிருந்து ஒருத்தர் கத்தியது வகுப்பறை வரைக்கும் கேட்டது.

முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடித்தேன். முந்தின நாள் புத்தகத்தில் படித்த ஒரு அத்தியாயத்தை அப்படியே ஒப்பித்தேன். யாராவது கேள்வி கேட்டால், “அதை அடுத்த வகுப்புல பாப்போம்” என்பேன். வெள்ளத்துரை என்று ஒரு பையன், அவன் அப்பா கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தத்தைத் தூரத்தில் கேட்டே எது சரியில்லை என்று சொல்லிவிடுவான். நான் பேசும்போது அவன் முகத்தில் ஒரு பொறுமை தெரியும். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்காது. “என்னலே முழிக்கே? எழுது” என்று அவன்மேலேயே விழுவேன்.

பிறகு பிரிக்க ஆரம்பித்தோம். பிரிப்பது சுலபம், யாரும் பிரிக்கலாம். திரும்பச் சேர்க்கத் தெரியாதே என்கிற பயத்தில் ஒரு சட்டம் போட்டேன். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் தரையில் சாக்கட்டியால் ஒரு கட்டம். கட்டத்துக்கு ஒரு எண். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று நோட்டில் படம். மூன்று வாரத்தில் ஜீப் நின்ற கொட்டகைத் தரை முழுக்க வெள்ளைக் கட்டங்கள், கட்டத்துக்குள் கரி பிடித்த இரும்புகள். என் புத்திசாலித்தனம் என்று ஹெட்மாஸ்டர் புகழ்ந்தார். அது புத்தியில்லை, சுத்தமான பயம்.

அப்போதுதான் கடிதம் வந்தது. தொழிற்பிரிவுக்குக் கொடுத்த அனுமதி ஒரு வருஷத்துக்கு மட்டும். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். செய்முறை ஒழுங்காக நடக்கவில்லை என்றால் பிரிவை மூடிவிடுவார்கள், பன்னிரண்டு பேரும் அடுத்த ஜூனில் வேறு பிரிவில் மறுபடி பதினொன்று படிக்க வேண்டும். அவர்களில் நாலைந்து பேரின் வீட்டில் ‘ஒரு வருஷம் போச்சுன்னா காட்டு வேலைக்கு வந்துரு’ என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அதிகாரி வருவது ஆயுத பூஜை கழிந்த வெள்ளிக்கிழமை. நான் கவலைப்படவில்லை. எல்லாம்தான் கட்டத்துக்குள் வரிசையாக இருக்கிறதே, மூன்று நாளில் பூட்டிவிடலாம் என்று விடுமுறைக்குப் பாளையங்கோட்டை போய்விட்டேன்.

3

செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தேன். அப்படி ஒரு அழகு.

மூன்று பெஞ்சுகளைப் படி மாதிரி போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்து, எஞ்சினின் ஒவ்வொரு பாகமும் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமப் பொட்டு. பெரியது பின்னால், சிறியது முன்னால். வால்வுகள் எட்டும் நடுவில் தாமரைப் பூ மாதிரி வட்டமாக. போல்ட்டு நட்டு ஒன்றுகூட விடவில்லை, எல்லாவற்றுக்கும் பொட்டு. பூஜை அன்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை வந்தாராம்.

பக்கத்தில் கோமதிநாயகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கோவிலுக்குப் பக்கத்துத் தெருப் பையன், சாது. “ஒத்தையிலதான் செஞ்சேன் டீச்சர். ரெண்டு நாளாச்சு” என்றான்.

“ரொம்ப நல்லாருக்குடே” என்று சொல்லிக்கொண்டே குனிந்து தரையைப் பார்த்தேன். சிமென்டுத் தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

“கட்டம்லாம் எங்கலே?”

“கழுவிட்டேன் டீச்சர். ஒரே கிறுக்கலாக் கெடந்துச்சு. எட்டு வாளித் தண்ணி ஊத்தித் தேச்சேன்.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வால்வு என்பது எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் துளைகளைத் திறந்து மூடுகிற மூடி, காளான் மாதிரி இருக்கும். வருஷக்கணக்காக ஒரே துளையில் உட்கார்ந்து தேய்ந்த மூடி அடுத்த துளைக்குச் சரியாகப் பொருந்தாது என்று எங்கள் புத்தகம் சொன்னது. காற்றுக்கு நாலு, புகைக்கு நாலு என்று எட்டு வால்வு, அந்தந்த நாலும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. நோட்டில் எண் இருக்கிறது, எந்த எண் எந்த இரும்புக்கு என்பது தரையோடு போய்விட்டது.

அன்றைக்கு நான் அவனைத் திட்டிய திட்டு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். “மூளைய எங்கலே அடகு வச்ச? பன்னெண்டு பேரு வருஷத்தையும் கழுவி ஊத்திட்டியே, பாவி” என்று பள்ளிக்கூடமே கேட்கக் கத்தினேன். அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். “சாமிக்குத்தான டீச்சர் செஞ்சேன்.” மத்தியானம் தூக்குவாளியைத் திறக்காமல் பக்கத்துப் பையனிடம் தள்ளிவிட்டான்.

ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார், தலையில் கைவைத்தார், பிறகு எல்லோரையும் கூப்பிட்டு உத்தரவு போட்டார். “பூஜைல கலஞ்சு போச்சுன்னு எவனும் வாயத் தொறக்கப்படாது. மூச்சு! அதிகாரிக்குத் தெரிஞ்சா அத்தோட சரி.”

4

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது தலைநகரில் ஒரு தமிழ் நண்பர் வீட்டு முற்றத்தில். அருள் அந்தத் தெருப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தான். வந்த பத்தாவது நிமிஷமே நியான்ஜா மொழியில் அவர்களோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டான். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஊரிலிருந்து தாத்தா கடிதம் போட்டால், “வாட் இஸ் ஹி சேயிங், மம்மி?” என்று கேட்டுவிட்டு, நான் படித்து முடிப்பதற்குள் ஓடிவிடுவான். சோறு வைத்தால் நெளிவான். மக்காச்சோளக் களியைக் கொடுத்தால் உருட்டி உருட்டித் தின்பான். இவனை இந்த வயதில் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பாளையங்கோட்டையில் நட்டால் என்ன ஆவான் என்று நினைக்க நினைக்க, கைப்பையிலிருந்த பேனா கனத்தது.

சங்கரன்கோவிலுக்கே திரும்புகிறேன். மூன்று நாள் இருந்தது. முதல் நல்ல சேதி கோமதிநாயகத்தின் மண்ணெண்ணெயால்தான் வந்தது. வெள்ளத்துரை பிஸ்டன் தண்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இங்கன பாருங்க, நம்பரு!” என்று கத்தினான். கம்பெனியிலேயே குத்திய எண்கள், அத்தனை வருஷக் கரிக்கு அடியில் இருந்திருக்கின்றன. கழுவியதில் வெளியே வந்துவிட்டன. அப்படிப் பாதிப் பாகங்களுக்கு இடம் தெரிந்துவிட்டது.

வால்வில் மட்டும் எண் இல்லை. புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. மூடியின் விளிம்பில் மெல்லியதாகச் சாயம் பூசி, துளையில் வைத்து லேசாகத் திருப்பி எடுக்க வேண்டும். பொருந்தினால் சாயம் அறுபடாத வளையமாகப் பதியும். பொருந்தாவிட்டால் திட்டுத் திட்டாக விழும். அந்த நீலச் சாயத்துக்கு நான் எங்கே போவேன்? “எதாவது சாயம் வேணுமே” என்று தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, கோமதிநாயகம் பூஜையில் மிஞ்சிய குங்குமப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான். நீட்டியவன் உடனே கையை இழுத்துக்கொண்டான்.

“சாமிக்கு வச்சது டீச்சர். இதுக்குப் போடலாமா?”

“அதை உங்க சாமிகிட்டதான் கேக்கணும். என்கிட்டக் கேட்டா?”

அவன் வெளியே போனான். கோபுரம் தெரிகிற பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே வந்து, “கோமதி அம்மன் சரின்னுட்டா டீச்சர்” என்றான். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நல்லெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்தோம். ஒரு வால்வு, நாலு துளை. வைத்துப் பார், திருப்பு, எடு, நோட்டில் படம் போடு, துடை. அடுத்தது. முப்பத்திரண்டு தடவை. ஒரு பையன் அசந்தால் அடுத்தவன். முதல் முழு வளையம் விழுந்தபோது கொட்டகையே ‘ஓ’வென்று கத்தியது. பாதியில் ஒன்றைக் கவனித்தேன். யாரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் இரும்பிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் விஞ்ஞானம் நடத்தியவள், விஞ்ஞானம் செய்தது அந்த மூன்று நாள்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி நட்டை முறுக்கினோம். ஆனால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. பேட்டரி தருவதாகச் சொன்ன மைக்செட் கடைக்காரருக்கு அன்று ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில்தான் பேட்டரி வந்தது. அதிகாரியும் அதே நேரத்தில் வந்துவிட்டார்.

5

ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, உட்காரச் சொன்னால் உட்காராத ரகம். நேராக என்னிடம் வந்தார்.

“நீங்க பிசிக்ஸ்லா? மோட்டாருக்கு என்ன தகுதி?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர், “டீச்சருக்குத் தெரியாதது கெடையாது சார்” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

“சரி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க.”

வெள்ளத்துரை முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. மறுபடி சுற்றினான். அடுத்தவன் சுற்றினான். பத்து, பதினைந்து, இருபது. பையன்கள் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. வெள்ளத்துரை ஒரு ஒயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பொறி வரல” என்று முணுமுணுத்தான். அதிகாரி பேனா மூடியைத் திறந்து, கையிலிருந்த தாளில் எழுத இடம் தேடினார்.

“என்ன காரணம்? சொல்லுங்க டீச்சர்.”

வாய்க்கு வந்த ஒரு வரியைச் சொன்னேன். “காத்துல ஈரப்பதம் அதிகமா இருந்தா...” சங்கரன்கோவிலில் ஈரப்பதம்! நாலு மாதமாக ஒரு துளி மழை இல்லை. அதிகாரி வெளியே காய்ந்து கிடந்த மைதானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவைத் தாளில் வைத்தார். பன்னிரண்டு பேரின் வருஷமும் அந்தப் பேனா முனையில் நின்றது.

அப்போது பின்வரிசையிலிருந்து கோமதிநாயகம் முன்னால் வந்தான். ஹெட்மாஸ்டர் கண்ணாலேயே ‘போலே’ என்றார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை.

“சார், தப்பு என்மேலதான் சார். ஆயுத பூஜைக்கு நான்தான் எல்லாத்தையும் கழுவினேன். நம்பரெல்லாம் அழிஞ்சிட்டு. எது எங்கனன்னு தெரியாம இவ்வோதான் மூணு நாளாத் தேடித் தேடிச் சேத்தாங்க. இப்பம் நெனப்பு வருது சார். அந்த உருண்ட மூடிக்குள்ள சின்ன வாய் மாதிரி ஒண்ணு இருக்கும். தொறந்து தொறந்து மூடும். அதுக்குள்ளயும் ஒரு பொட்டு வச்சேன். அதை யாரும் தொடைக்கல.”

ஹெட்மாஸ்டர் இருமினார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அதிகாரி பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். “தொற, பாப்போம்” என்றார்.

மூடியைக் கழற்றினான் வெள்ளத்துரை. மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கிற அந்தச் சின்ன முனைகளுக்கு நடுவில், காய்ந்த சந்தனமும் அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டும் குழந்தை நெற்றி மாதிரி இருந்தன. அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். அதன் சொரசொரப்பான பக்கத்தை உள்ளே விட்டுத் தேய்த்துத் துடைத்தான் கோமதிநாயகம்.

மூன்றாவது சுற்றில் பிடித்தது. எப்பேர்ப்பட்ட சத்தம்! கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. மற்ற வகுப்புகள் மொத்தமும் வெளியே ஓடிவந்தன. மாடு இழுத்துவந்த ஜீப் புகை கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தது. ஹெட்மாஸ்டர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சத்தம் அடங்கிய பிறகு அதிகாரி எங்கள் நோட்டுகளைக் கேட்டார். குங்கும வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“அரைக்கிற பசை வாங்கிப் போட்டுத் தேச்சிருந்தா எந்த வால்வும் எந்த ஓட்டையிலயும் உக்காந்துருமே டீச்சர். அரை நாள் வேலை. இதுக்குப் போயி மூணு நாள் மல்லுக்கட்டியிருக்கீங்களே!”

பன்னிரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார். “எங்கெங்க பொட்டு வச்ச? வேற எங்கயும் தொடைக்காம விட்டிருக்கியா? சொல்லு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முன்பக்கத்து விசிறியில் ஆரம்பித்தான். பெயர் தெரிந்ததைப் பெயரோடு, தெரியாததை ‘அதுக்கு அடியில வளஞ்சு இருக்கும்லா, அது’ என்று அடையாளத்தோடு. எஞ்சின் தலையிலிருந்து அடி வரைக்கும் ஒரு பாகம் விடாமல் சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கழுவி, துடைத்து, பொட்டு வைத்தவன் அல்லவா? அந்த எஞ்சினை அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கொட்டகையில் யாருமில்லை. அதிகாரி பாதியில், “போதும்லே, போதும்” என்று கையைக் காட்டிவிட்டு எழுதினார். பிரிவுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

போகும்போது வாசலில் நின்று என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். “உண்மையச் சொல்லுங்க டீச்சர். உங்களுக்கு இது தெரியுமா?”

அந்தப் பையன் அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான், “தெரியும் சார்” என்றேன்.

அதுதான் குத்துகிறது. பிறகு நான் நிஜமாகவே படித்தேன், ஒன்றரை வருஷம் கை நிறையக் கரியோடு அந்தப் பையன்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். நான் கிளம்பும்போது ஹெட்மாஸ்டர் சான்றிதழில் அந்த வரியை எழுதினார். “அது வேண்டாம் சார்” என்றேன். “எடுத்த வகுப்ப எடுக்கலன்னா எழுத முடியும்?” என்று மை ஒற்றிக் கொடுத்துவிட்டார்.

6

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைநகர் அலுவலகத்தில் அதிகாரி முன்னால் உட்கார்ந்தேன். அருள் பக்கத்தில். வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தார்.

அந்த வரிக்கு நான் போடவில்லை. ‘முழுத் தகுதி உண்டு’ என்ற வரியை அடித்துவிட்டு, கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ‘பன்னிரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரே ஒரு எஞ்சினைப் பிரித்திருக்கிறேன். பாகங்கள் கலந்துவிட்டன. கண்டுபிடித்துச் சேர்த்தோம், அது ஓடியது. அதன்பின் ஒன்றரை வருஷம் அவர்களோடு கற்றேன். இன்னும் தெரியாதது நிறைய. பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வேன்.’ அதன் அடியில் கையெழுத்து.

எழுதும்போது தைரியமாகத்தான் இருந்தது. தாளை அவர் கையில் கொடுத்த பிறகுதான், பிள்ளையின் பரீட்சையை வைத்துச் சூதாடிவிட்டோமே என்று தோன்றியது.

அவர் படித்தார். திரும்பவும் படித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் நியான்ஜாவில் ஏதோ பேசினார்கள், சிரித்தார்கள், தலையை ஆட்டினார்கள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வருஷக்கணக்காக இந்த நாட்டில் இருந்தும் வணக்கமும் நன்றியும் தவிர நான் கற்றுக்கொள்ளவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அருள் என் முழங்கையைத் தொட்டான். காதுக்குப் பக்கத்தில் வந்து, அதிகாரிக்குப் புரிந்துவிடக் கூடாது என்று, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தமிழில் பேசினான். திக்கித் திக்கி, ஆனால் அச்சு அசல் அவன் அப்பா மாதிரி.

“மம்மி, பயப்படாதீங்க. முந்தி இருந்த மோட்டார் சார், எல்லாம் தெரியும்னு எழுதிக் குடுத்தாராம். ஒரு நாள்கூட இஞ்சினத் தொறக்கவே இல்லையாம். இந்த மேடம் தெரியாதுன்னு சொல்லுது, அப்பம் இது தொறக்கும்னு சொல்லுதாங்க. குடுக்கப்போறாங்க மம்மி.”

அவன் சொல்லி முடிக்கவும் முத்திரை விழுந்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. அந்தப் பெரிய மனிதர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அருளுக்கு வெட்கமாகிவிட்டது.

“என்ன மம்மி நீங்க? அதான் குடுத்துட்டாங்கள்லா. எந்திரிங்க, டாடி வெளிய இன்னும் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காங்க.”